ஷோ கட்சி ஆதிலட்சுமி

செஞ்சி காந்தி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வெங்கடரமணனுக்கு ஆதிலட்சுமி ஒரே மகள். படித்து முடித்ததும் கடையில் வந்து உட்காருவாள் என்று அவர் நினைத்திருந்தார். அவளோ திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் படித்தாள், சென்னையில் சில வருஷம் ஏசி அறைக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு வேலை பார்த்தாள், பிறகு சிங்கவரத்து பாலமுரளியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பி வந்தாள். வந்த வேகத்தில் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க் நிர்வாகி வேலையும் கிடைத்துவிட்டது.

"என் பொண்ணு காலேஜ்ல சுவிட்சு பாத்துக்குது" என்று வெங்கடரமணன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். கேட்டவர்கள் எலக்ட்ரீசியன் வேலை என்று புரிந்துகொண்டார்கள். வல்லத்திலிருந்து குடம் வாங்க வந்த ஒருவர், அடுத்த தடவை மோட்டார் ஸ்டார்ட்டரையே சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து கடை வாசலில் இறக்கிவிட்டார்.

"நைனா, இது அந்த சுவிட்சு இல்ல. நெட்வொர்க் சுவிட்சு" என்று ஆதிலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

"எதுவா இருந்தா இன்னாம்மா? ஆன், ஆஃப், அவ்ளோதானே?"

அவ்வளவுதான் இல்லை. அது ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. முகம் முழுக்கச் சதுரச் சதுரமாகத் துளைகள், துளைக்கொரு ஒயர். கல்லூரியிலிருக்கும் கம்ப்யூட்டர், கேமரா, விரல் வைத்து வருகை பதியும் மிஷின், விடுதி வைஃபை எல்லாம் அந்தத் துளைகள் வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். யார் யாரோடு பேசலாம், யார் பக்கம் யார் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று பெட்டிக்குச் சொல்லிவைப்பதுதான் ஆதிலட்சுமியின் வேலை. அதற்குப் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. ஒரு கறுப்புத் திரை, அதில் மினுக்கிக்கொண்டு ஒரு கோடு. கட்டளையைச் சுத்தமாக அடித்தால் பெட்டி கேட்கும். ஓர் எழுத்து பிசகினாலும், பிசகிய இடத்துக்கு நேர் கீழே சின்னதாக ஒரு கூம்புக்குறி போட்டு, உன் லட்சணத்தை இங்கே பார் என்று காட்டும்.

ஆதிலட்சுமி பழகிய பெட்டியின் பாஷையில் 'ஷோ' என்றால் காட்டு. 'நோ' என்றால் முன்னே சொன்னதை ரத்து செய். பாதி வார்த்தை அடித்துவிட்டு டேப் பொத்தானைத் தட்டினால் மீதியை அதுவே முடித்துக்கொள்ளும். பல வருஷம் இதே பாஷையில் புழங்கிப் புழங்கி அது அவள் வாயிலும் வந்து ஒட்டிக்கொண்டது. வீட்டில் காலைச் சமையல் பாலமுரளி பொறுப்பு. பிறகுதான் உரக்கடையைத் திறக்கப் போவான். அவள் தலை பின்னிக்கொண்டே "நோ சாம்பார்" என்று குரல் கொடுப்பாள். சாம்பார் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ராத்திரி சொன்ன சாம்பாரை ரத்து செய்துவிட்டு வேறு ஏதாவது வை என்று அர்த்தம். "இட்லிக்குத் தே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்வாள். "தேங்கா சட்னி" என்று அவன் முடித்துவைக்க வேண்டும். தப்பாக முடித்தால் அவள் நெற்றியில் அந்தக் கூம்புக்குறி தெரியும்.

"நான் இன்னா உன் பெட்டியா?" என்று அவன் கேட்டதுண்டு.

"பெட்டின்னா ஒரு தடவ சொன்னாலே கேட்டுக்கும்" என்று அவளும் சொன்னதுண்டு.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், கல்லூரி ஒரு புதுக் கட்டடம் கட்டியது. கட்டடத்துக்குப் புதுப் பெட்டிகள் வேண்டும். விழுப்புரத்திலிருந்து வேறொரு கம்பெனிப் பெட்டியை விற்பதற்காக சேரன் என்ற என்ஜினியர் வந்து சேர்ந்தான். முப்பதைத் தொட்ட ஆள், முறுக்கிவிட்ட மீசை. யாரைப் பார்த்தாலும் சிரித்துவிடும் சுபாவம் என்பதால் அந்த மீசைக்கு ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை. ஆதிலட்சுமியின் மேஜையில் பெட்டியை வைத்து ஒயரைச் சொருகினான். அவள் வழக்கம்போல 'ஷோ' என்று அடித்தாள். பெட்டி கூம்புக்குறி போட்டது.

"மேடம், நம்ம பெட்டியில 'ஷோ' கெடையாது. 'டிஸ்ப்ளே'ன்னு அடிக்கணும்."

"இன்னாத்துக்கு? ரெண்டுக்கும் ஒரே அர்த்தந்தானே?"

"அதேதான் மேடம். ஒரே அர்த்தந்தானே, 'டிஸ்ப்ளே'ன்னே அடிங்களேன்."

'நோ'வும் இல்லையாம். 'அன்டூ'வாம். வெளியே வர 'எக்ஸிட்' இல்லையாம், 'குவிட்'டாம். ஆதிலட்சுமிக்குக் காது சூடாகிவிட்டது. பிறந்த வீட்டில் அண்டா என்றிருந்ததைப் புகுந்த வீட்டில் தவலை என்று சொல்லச் சொன்னால்கூட அவள் சொல்லியிருப்பாள். இதை முடியாது என்றாள். அவன் தன் பெட்டிதான் பேச்சில் தெளிவு என்றான். அவள் தன் பெட்டிதான் சுருக்கம் என்றாள். அவன் உங்கள் பெட்டி உம்மணாமூஞ்சி என்றான். அவள் உங்கள் பெட்டி வாயாடி என்றாள். இரண்டு பேரும் குரலை உயர்த்திக்கொண்டே போனபோது, தாளாளர் சுந்தரமூர்த்தி அந்தப் பக்கமாக வந்து கதவருகில் நின்றுவிட்டார்.

சுந்தரமூர்த்தி மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை வியாபாரத்தில், சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் பட்டிமன்றம். கல்லூரியில் எந்த முடிவானாலும் பட்டிமன்றம் வைத்துத்தான் எடுப்பார். பேருந்துக்கு மஞ்சள் வண்ணமா நீலமா? பட்டிமன்றம். கேன்டீனில் காலை டிபன் இட்லியா பொங்கலா? பட்டிமன்றம். அதில் பொங்கல் ஜெயித்துத் தொலைத்து, அந்த வருஷம் முழுக்க முதல் வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து வாத்தியார்களும் தூங்கினார்கள். இப்போது இரண்டு பேர் இவ்வளவு உக்கிரமாகச் சண்டை போடுவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! இங்கயே பேசித் தீத்துடாதீங்க. மைக்குல பேசணும் இதெல்லாம்."

மறுநாளே கல்லூரி வாசலில் பேனர் ஏறிவிட்டது. 'வலையை ஆள வல்லது ஷோவே! டிஸ்ப்ளேயே!' நடுவர், தமிழ்ப் பேராசிரியர் கோதண்டராமன். அணிக்கு மூன்று பேர் என்பது மரபு. ஆனால் இந்தத் தலைப்பில் வாய் திறக்கக்கூடியவர்கள் மொத்தமே இரண்டு பேர் என்பதால் அணிக்கு ஒருவர். பேனரில் ஆதிலட்சுமியின் படத்துக்குப் பின்னால் செஞ்சிக்கோட்டை ராஜகிரி மலையும், சேரன் படத்துக்குப் பின்னால் எதற்கென்று தெரியாமல் ஓர் அருவியும் போட்டிருந்தார்கள்.

பேனரைப் பார்த்துவிட்டு வந்த வெங்கடரமணன், "எலெக்ஷன்ல நிக்கிறியாம்மா?" என்று போனில் கேட்டார்.

பட்டிமன்றம் அமாவாசையன்று வந்து வாய்த்தது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற சிறப்புப் பேருந்தில் ஏறிய சேரன், கூட்டத்துக்கு நடுவே பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி விழுப்புரத்திலிருந்து நின்றுகொண்டே வந்தான். "சாமிக்கு உண்டியலா தம்பி?" என்று கேட்ட ஓர் அம்மாள், அவன் பதில் சொல்வதற்குள் துளை ஒன்றில் ஒரு ரூபாய் நாணயத்தைத் திணிக்கப் பார்த்தாளாம். துளை சின்னது, பெட்டி தப்பித்தது. நெற்றியில் யாரோ இட்டுவிட்ட குங்குமத்தோடு அரங்கத்துக்கு வந்து இறங்கியவனைப் பார்த்ததும், பூஜை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று ஆதிலட்சுமிக்குக் கொஞ்சம் உதறல் எடுத்தது. அவள் அங்காளம்மனை நினைத்துக்கொண்டாள். பிறகு, அம்மனும் அவன் வந்த பஸ்ஸிலேயே போயிருப்பாளோ என்று கவலைப்பட்டாள்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. வகுப்பு இல்லையென்றால் எதற்கும் வரத் தயாராயிருந்த பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் தாளாளர். அவர் மகள் அமலா சிங்கப்பூரிலிருந்து பார்ப்பதற்காக நேரலை வேறு ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில், உரக்கடையை அடைத்துவிட்டு வந்த பாலமுரளி.

நடுவர் கோதண்டராமன் கணீரென்று ஆரம்பித்தார். "பெரியோர்களே! 'ஷோ' என்பது ஓரெழுத்துப் போல ஒலிக்கும் சின்னஞ்சிறு சொல். 'டிஸ்ப்ளே' என்பது மெல்லினம் இன்றி வல்லினத்தில் முட்டி இடையினத்தில் நிற்கும் சொல். இவ்விரண்டுக்குமான போரில்..." அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அதை வைத்தே வெகுநேரம் ஓட்டினார்.

சேரன் எழுந்தான். "நடுவர் அவர்களே! எதிரணிப் பெட்டியில ஒரு துளையைத் திறக்கணும்னா இன்னா அடிக்கணும் தெரியுமா? 'நோ ஷட்டவுன்'. அதாவது, மூடாதே! வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்க. 'கதவைத் தொற'ன்னு சொல்லுவோமா, 'கதவை மூடாதே'ன்னு சொல்லுவோமா?"

கைத்தட்டல் பறந்தது. ஆதிலட்சுமி மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "ஐயா, அவரு பெட்டியில மட்டும் 'தொற'ன்னு இருக்குதான்னு கேளுங்க. 'அன்டூ ஷட்டவுன்'. அதாவது, மூடினத மூடாததா ஆக்கு! எங்கள்து ஒரு சுத்து, அவங்கள்து ரெண்டு சுத்து!"

அதற்கும் கைத்தட்டல். நடுவர் பரவசமாகிவிட்டார். இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு என்கிற இலக்கணத்தை இரும்புப் பெட்டிகளே பின்பற்றுகின்றன என்று சொல்லி, மேற்கோள்களோடு கிளம்பிவிட்டார். அவரைத் திரும்பப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

பிறகு ஒரே ஒயரில் விடுதி, அலுவலகம், கேமரா என்று தனித்தனிப் பாதை பிரிப்பதைப் பற்றி ஆதிலட்சுமி பேசினாள். அந்தப் பாதைக்குத் தொழிலில் 'வீலேன்' என்று பெயர். நடுவர் காதில் அது வில்லன் என்று விழுந்தது.

"ஒரு கல்லூரிக்கு எத்தனை வில்லன் அம்மா?"

"எங்க காலேஜ்ல மொத்தம் ஒம்போது ஐயா."

பிள்ளைகள் முதல் வரிசையைப் பார்த்து விசிலடித்தார்கள். தாளாளர் எதற்கென்று தெரியாமல் எழுந்து கும்பிட்டார்.

பேச்சு சமநிலையில் நின்றது. அப்போதுதான் நடுவருக்கு அந்த யோசனை வந்தது. அவரவர் பெட்டியில் அவரவர் வேலை செய்வதில் என்ன பெருமை? மாற்றணிப் பெட்டியில் கைவைத்து வேலையை முடிப்பவருக்கே வெற்றி என்று அறிவித்தார். புதிதாக ஒரு பாதையைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். திரையில் எல்லாரும் பார்க்கலாம்.

முதலில் ஆதிலட்சுமி. மேஜைமேல் இருந்த சேரனின் பெட்டியோடு தன் மடிக்கணினியைச் சேர்த்தாள். 'டிஸ்ப்ளே, டிஸ்ப்ளே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள். விரல் 'ஷோ' என்று அடித்தது. பின்னால் பெரிய திரையில் கூம்புக்குறி ஆளுயரத்துக்கு எழும்பியது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடியும் 'ஷோ'. "டிஸ்ப்ளே! டிஸ்ப்ளே!" என்று பிள்ளைகள் கூவ ஆரம்பித்தார்கள். அவளிடம் கெஞ்சி வைஃபை பாஸ்வேர்டு வாங்கியவர்கள்தான் முன்னால் நின்று கூவினார்கள். கடைசி வரிசையிலிருந்து, ஆதரவு தருவதாக நினைத்துக்கொண்டு, "லட்சுமி, டேப் அடி!" என்று கத்தினான் பாலமுரளி.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு 'டிஸ்' என்று அடித்து டேப்பைத் தட்டினாள். மீதியைப் பெட்டியே முடித்துக்கொண்டது. அந்தச் சொல்லை முழுசாகத் தன் கையால் அடிக்கவில்லை என்பதில் ஓர் அற்ப ஆறுதல். தட்டுத் தடுமாறி வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அடுத்து சேரன். ஆதிலட்சுமியின் பழைய பெட்டிகளில் சும்மா இருப்பது ஒன்றுகூடக் கிடையாது, எல்லாமே ஓடிக்கொண்டிருந்தன. "அதனால இன்னா? ஓடறதுலயே காட்டுங்க, அமலா பாக்குது" என்று தாளாளர் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் சர்வர் அறையிலிருக்கும் பெரிய பெட்டியையே, மேடையிலிருந்தபடி திறந்து கொடுத்தாள் ஆதிலட்சுமி. சேரன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். 'ஷோ' என்று ஒரே மூச்சில் அடித்தான். கைத்தட்டல். உள்ளே போனான். அரங்கத்துக்கும் விடுதிக்கும் பீஸ் கவுன்ட்டருக்கும் போகிற முக்கியமான ஒயரின் பாதைப் பட்டியலில் புதுப் பாதையைச் சேர்க்கும் கட்டளையை அடிக்கத் தொடங்கினான்.

இங்கேதான் இரண்டு பெட்டிக்கும் உள்ள பெரிய வித்தியாசம். சேரனின் பெட்டியில் பாதை எண்ணைச் சொன்னால் போதும், இருக்கிற பாதைகளோடு அதையும் சேர்த்துக்கொள்ளும். ஆதிலட்சுமியின் பெட்டியில் எண்ணுக்கு முன்னால் 'ஆட்', அதாவது 'சேர்', என்று ஒரு வார்த்தை போட வேண்டும். போடாவிட்டால், இருக்கிற அத்தனை பாதையையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசை மட்டும் வைத்துக்கொள்ளும். சேரன் 'ஆட்' போடவில்லை.

ஆதிலட்சுமி பார்த்துவிட்டாள். பார்த்ததும் அவள் மனசு ஒரு நொடி, 'அடிக்கட்டும், நல்லா அடிக்கட்டும்' என்றது. அடுத்த நொடி, வருகைப்பதிவு மிஷினும் கேமராவும் விடுதியும் கண்ணுக்குள் வந்து நின்றன. துள்ளி எழுந்தாள்.

"ஆட்! ஆட்! சேரன், ஆட்!"

அரங்கத்துக்கு அது "ஆடு! ஆடு!" என்று கேட்டது. பிள்ளைகள் இதற்காகவே காத்திருந்தவர்கள் போல நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஆட ஆரம்பித்தார்கள். ஒருவன் மேஜையில் தாளம் தட்டினான். நடுவர் கோதண்டராமன்கூட லேசாகத் தோளைக் குலுக்கினார். மேடம் தன்னைக் கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்ட சேரன், மீசையைத் தடவிவிட்டு, கம்பீரமாக என்ட்டர் பொத்தானைத் தட்டினான்.

திரையில் மினுக்கிக்கொண்டிருந்த கோடு நின்றுபோனது.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்த போன்களில் ஒவ்வொன்றாக வைஃபை அறுந்தது. ஆட்டம் வரிசை வரிசையாக அடங்கியது. தாளாளரின் போன் அடித்தது. "அப்பா, அந்த மீசக்காரரு கைய தூக்கினாரு, அப்டியே நின்னுட்டாரு. அவருக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றாள் அமலா.

மேடையில் சேரன் பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தான். "மேடம், உங்க பெட்டி பேச மாட்டேங்குது."

"எப்டிங்க பேசும்? நீங்க அத கூப்புட்டுப் பேசற பாதையையும் சேத்தே அறுத்துட்டீங்க! மரத்து மேல ஒக்காந்துக்குனு இருந்த கெளயவே வெட்டியாச்சு!"

"எண்ணைச் சொன்னா சேத்துக்கணும் மேடம். அதான் மரியாத. இருக்கறவங்களத் தொரத்தறதெல்லாம் இன்னா பழக்கம்?"

"அதுக்குத்தான் 'ஆட்'னு கத்தினேன்!"

"ஆடச் சொன்னீங்கன்னு நெனச்சேன்!"

இனி சர்வர் அறைக்குப் போய், பெட்டியின் முதுகிலேயே நேராக ஒயரைச் சொருகித்தான் சரிசெய்ய வேண்டும். இருவரும் ஓடினார்கள். நல்ல வெயில். மைதானத்தைத் தாண்டி ஓடும்போதும் சண்டை நிற்கவில்லை. எந்தக் கட்டளையை அடித்து மீட்பது என்று அவள் ஒன்று சொல்ல, அவன் ஒன்று சொன்னான். "நோ!" என்றாள். "அன்டூ!" என்றான். பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரர், அவன் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டு, அவள் 'நோ' என்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டார். பின்னாலேயே அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பாலமுரளி ஓடி வந்தான். சர்வர் அறைச் சாவி அதில்தான் இருந்தது.

சாவிக்கு அவசியமே இல்லாமல் கதவு திறந்து கிடந்தது. தாளாளர் அதற்குள்ளாகவே தன் பழைய மொபெட்டில் வந்து சேர்ந்துவிட்டிருந்தார். மண்டிக் காலத்திலிருந்தே எல்லாப் பூட்டுக்கும் ஒரு மாற்றுச்சாவி இடுப்பில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். மல்லாட்டை உடைக்கிற மிஷின் நின்றுபோனால் அந்தக் காலத்தில் என்ன செய்வாரோ, அதையே இப்போதும் செய்துகொண்டிருந்தார். சுவரிலிருந்த கரன்ட் சுவிட்சை டப்பென்று அணைத்தார்.

"ஐயோ சார்!" என்று ஆதிலட்சுமி அலறினாள்.

அந்த அலறலில் பயந்து, அதை மறுபடி டப்பென்று போட்டார்.

பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்து, மெதுவாக ஆரஞ்சு நிறத்தில் ஒவ்வொன்றாக விழித்தன. ஆதிலட்சுமி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது கதை. வேலை போச்சு. இனிமேல் பாத்திரக்கடையில் எவர்சில்வர் டம்ளரில் பெயர் பொறித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதிலும் 'ஆட்' போடாமல் பொறித்தால் பழைய பெயர் அழிந்துவிடுமோ என்று கூட ஒரு கணம் யோசித்துவிட்டாள். அப்போது சட்டென்று ஒன்று உறைத்தது. கண்ணைத் திறந்தாள்.

"சேரன்... கடைசில 'ரைட்' அடிச்சீங்களா?"

"எங்க மேடம் அடிக்கறது? அதுக்குள்ளதான் அது வாய மூடிடுச்சே."

'ரைட்' என்பது சேமிக்கிற கட்டளை. அதை அடிக்கிறவரை, சொன்னதெல்லாம் பெட்டிக்கு வெறும் வாய்ப்பேச்சு. கரன்ட் போய் வந்தால் அத்தனையும் மறந்துவிட்டு, கடைசியாகச் சேமித்து வைத்த பழைய கணக்கிலேயே எழுந்து உட்காரும். சேரன் பண்ணிய கோளாறு சேமிக்கப்படவே இல்லை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விஷயம் புரிந்ததும் சேரனும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் பக்கத்தில் பாலமுரளியும், எதற்கென்று கேட்காமலேயே சிரித்தான். நான்கு பேரும் அந்தக் குளிர் அறையில், விளக்குகள் பச்சையாவதைப் பார்த்துக்கொண்டு, பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவர்கள் மாதிரி காத்திருந்தார்கள். முதல் பச்சை வந்தது. அப்புறம் இரண்டாவது. பிறகு தீபாவளிச் சரம் மாதிரி வரிசையாக எல்லாம். தூரத்தில் விடுதிப் பக்கமிருந்து "ஹே!" என்று ஒரு சத்தம் எழுந்தது.

"பாத்தியாம்மா" என்றார் தாளாளர், கையைத் தட்டிவிட்டுக்கொண்டு. "ஷோவும் வேணாம், டிஸ்ப்ளேயும் வேணாம். மேல தட்டினா ஆஃபு, கீழ தட்டினா ஆனு."

ஆதிலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

அரங்கத்தில் நடுவர் கோதண்டராமன் கூட்டத்தைக் கலையவிடாமல், இத்தனை நேரமும் ஈரெதிர்மறையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எல்லாரும் திரும்பி வந்ததும், பெட்டிகள் இரண்டும் சரிநிகர் சமானம், வென்றவர் தாளாளரே என்று தீர்ப்பு சொன்னார். சம்பளம் கொடுக்கிறவருக்கு எதிராகத் தீர்ப்பு சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. பொன்னாடையைத் தாளாளர் தனக்குத்தானே போர்த்திக்கொண்டார். சிங்கப்பூரில் அமலா கைத்தட்டியது அவர் போனில் கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் சேரனுக்குத் திரும்பிப் போக பஸ் கிடைக்கவில்லை. மலையனூர்க் கூட்டம் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டிருந்தது. பாலமுரளி அவனை வீட்டுக்கு அழைத்துப்போய் இட்லி ஊற்றினான். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எந்தப் பெட்டிக்குப் பொறுமை அதிகம் என்று ஆதிலட்சுமியும் சேரனும் மறுபடி தொடங்கிவிட்டார்கள். ஆனால் இந்தத் தடவை, சேரனின் பெட்டி முக்கியமான எதையும் செய்வதற்குமுன் 'நிச்சயமா?' என்று கேட்கிறதே, அது நல்ல குணம்தான் என்று அவள் ஒத்துக்கொண்டாள். உங்கள் பெட்டியின் சுருக்கம் எங்களுக்கு வராது மேடம் என்று அவனும் இறங்கி வந்தான். பாலமுரளி இரண்டு பேருக்கும் நடுவில் சட்னிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "நிச்சயமா?" என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினான்.

புதுக் கட்டடத்துக்கு எந்தப் பெட்டி வாங்குவது என்பதைத் தாளாளர் ஒரு வாரம் யோசித்தார். ஷோவை வாங்கினால் சேரன் வருத்தப்படுவான், நல்ல பையன். டிஸ்ப்ளேயை வாங்கினால் ஆதிலட்சுமி வருத்தப்படுவாள், நம்ம ஊர்ப் பெண். யார் மனசும் நோகக்கூடாது என்று, இரண்டும் இல்லாத மூன்றாவது ஒரு கம்பெனிப் பெட்டியை வாங்கி இறக்கிவிட்டார். சேரன் வேலை பார்த்த கடை பல கம்பெனிச் சரக்கும் விற்கிற கடை. அதனால் அதைப் பொருத்திக் கொடுக்கிற வேலை அவன் தலையிலேயே விழுந்தது.

பெட்டி வந்து இறங்கிய அன்று, சேரன் வருவதற்குள் பார்த்துவிடலாம் என்று ஆதிலட்சுமி அட்டையைப் பிரித்து ஒயரைச் சொருகினாள். 'ஷோ' அடித்தாள். கேட்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, 'டிஸ்ப்ளே' என்று முழுசாக, ஒவ்வோர் எழுத்தாகத் தன் கையாலேயே அடித்தாள். அதுவும் கேட்கவில்லை. கடைசியில் கையேட்டைப் புரட்டிவிட்டு சேரனுக்குப் போன் போட்டாள்.

"சேரன், எங்க இருக்கீங்க?"

"கூட்ரோடு தாண்டிட்டேன் மேடம். இன்னா ஆச்சு?"

"இதுல ஷோவும் இல்ல, டிஸ்ப்ளேயும் இல்ல. காட்டுன்றதுக்கு 'பிரின்ட்'டுனு அடிக்கணுமாம்."



"பிரின்ட்டா? காட்டுறதுக்கு இன்னாத்துக்கு மேடம் பிரின்ட்டு? இது இன்னா ஜெராக்ஸ் கடையா?"

"அதான் நானும் கேக்கறேன்! ரத்து பண்றதுக்கு இன்னா போட்டிருக்கான் தெரியுமா..."

"வேணாம் மேடம், சொல்லாதீங்க. பஸ்ல நின்னுனு இருக்கேன். வந்து ஒக்காந்துக்குனு கேக்கறேன்."

அவன் வந்து சேர்ந்தபோது ஆதிலட்சுமி இரண்டு டீ சொல்லி வைத்திருந்தாள். மேஜையில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இரண்டு பேரும் அந்தப் புதுப் பெட்டிக்கு எதிரே தோளோடு தோளாக உட்கார்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் அதைத் திட்டத் தொடங்கினார்கள்.